படித்தேன், ஒப்புக்கொண்டேன்

பிரான்சில் பல படிவங்களில் கையெழுத்துக்கு மேலே, சொந்தக் கையால் ஒரு சிறு தொடரை எழுதச் சொல்வார்கள். "லு எ அப்ரூவே." படித்தேன், ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். புதுவையில் தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பத்திரங்களை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு இது தெரிந்த வாசகம்தான். நான் முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, கோப்புகளோடே வாழ்ந்தவன். எத்தனையோ ஆயிரம் கையெழுத்துகளைப் பார்த்தாயிற்று. ஆனாலும் 2023 ஜூலை மாதம், ஒரு மலைக்கணவாயில் என் மகள் அந்தத் தொடரை எழுதிக் கீழே கையெழுத்திட்டதைப் பார்த்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் கிழக்கே ஆல்ப்ஸ் மலைச்சாரலில் அன்சி என்று ஓர் ஊர். ஊரை ஒட்டி நீளமான ஓர் ஏரி, ஏரியைச் சுற்றி மலைகள். கிழக்குப் பக்க மலையில் ஃபோர்க்லா என்ற கணவாய், கடல் மட்டத்துக்குச் சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில் நின்று பார்த்தால் ஏரி ஏறக்குறைய 700 மீட்டர் கீழே நீலமாகத் தெரியும். நம் செஞ்சி ராஜகிரி மலைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விளிம்பிலிருந்து இறக்கை கட்டிக்கொண்டு குதிப்பதற்கென்றே ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

என் மகள் லியோன் நகரில் வேலை பார்க்கிறாள். அவள் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, 'தெல்தாப்ளான்' ஏற வேண்டும் என்றிருக்கிறான். ஹேங் கிளைடர் என்று ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அதுதான். "நீ போனா நானும் வரேன்" என்று அவளும் சொல்லிவிட்டாள். இந்த விஷயம் எனக்கும் என் மனைவிக்கும் லியோனில் காரில் ஏறிய பிறகுதான் சொல்லப்பட்டது. முன்னாலேயே சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

பாரசூட் போலத் தலைக்கு மேலே துணியாகப் பொங்கி நிற்பது பாராகிளைடர். ஹேங் கிளைடர் வேறு. அலுமினியக் குழாய்களால் ஆன முக்கோணச் சட்டம், அதன்மேல் இறுக்கிக் கட்டிய துணி. என்ஜின் கிடையாது. பறப்பவர் அதன் நடுவில், ஒரு ஹார்னசுக்குள் குப்புறப் படுத்தபடி தொங்குவார். கைக்கு நேராக ஒரு கம்பி இருக்கும். அதைத் தன் பக்கம் இழுத்தால் உடம்பு முன்னால் போகும், மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் வேகம் குறையும். வலப்பக்கம் உடம்பைச் சாய்த்தால் இறக்கை வலப்பக்கம் திரும்பும். பாரதி பூங்காவில் குழந்தைகள் ஊஞ்சலில் உடம்பை வளைத்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே சூத்திரம்தான், ஊஞ்சலின் மேற்கம்பி மட்டும் காற்றில் மிதக்கிறது. புதியவர்களைத் தனியாக விடமாட்டார்கள். தேர்ந்த பைலட் ஒருவரோடு இரண்டாவது ஆளாகத் தொங்கவிடுவார்கள்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தப் படிவத்தைத்தான் என் மகள் கார் பானட்டின்மேல் வைத்துப் படித்தாள். முழுவதும் படித்தாள். எழுதினாள், கையெழுத்திட்டாள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

எனக்கு இன்னொரு படிவம் நினைவுக்கு வந்தது.

1991. அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் இமயமலையில் ஒரு மலையேற்ற முகாமுக்கு ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறில் இவளும் ஒருத்தி. சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தது. மூன்று நாள் என் மேசையில் கிடந்தது. எனக்குப் பயம். ரயில் பயம், குளிர் பயம், கயிறு அறுந்துவிடுமோ என்ற பயம், பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்ற பயம். பயம் என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. நான்காம் நாள், "மாணவியின் உடல்நிலை காரணமாக அனுமதிக்க இயலவில்லை" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் உடல்நிலைக்கு ஒரு குறையும் இல்லை. படிவத்தை அவள்தான் பள்ளிக்கு எடுத்துப் போனாள். போகும் வழியில் படித்திருப்பாள் என்பதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஃபோர்க்லாவில் அன்று காலை காற்று சரியாக இல்லை. எதிர்க்காற்று நிதானமாக வீசினால்தான் ஓடி இறங்க முடியும். ஒரு மணி நேரம் போல் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மகளும் பேரனும் பைலட்டுகள் சொல்வதைக் கேட்டு ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நான் புல்வெளியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். 1962-இல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில் பாடத்தில் வந்த கிரேக்கக் கதை, தேதாலும் அவன் மகன் இக்காரும். ஒரு தீவில் சிறைப்பட்ட தகப்பன் இறகுகளையும் மெழுகையும் கொண்டு இரண்டு ஜோடி இறக்கை செய்கிறான். மகனுக்கு மாட்டிவிட்டு, மிக உயரப் போகாதே என்று சொல்கிறான். மகன் கேட்கவில்லை. சூரியன் பக்கம் போக, மெழுகு உருகி, கடலில் விழுந்து சாகிறான். அப்பா பேச்சைக் கேட்காத பிள்ளைக்கு இதுதான் கதி என்று எங்கள் ஆசிரியர் பிரம்பை மேசையில் தட்டிச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. இறக்கையைச் செய்து மாட்டிவிட்டதே அப்பாதானே என்று கேட்க எங்கள் வகுப்பில் யாருக்கும் தோன்றவில்லை.

தமிழில் இருக்கும் கதையை நான் ரொம்பக் காலம் கழித்து, வேலையில் சேர்ந்த பிறகுதான் படித்தேன். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்ற அரசன், ஆபத்து வரப்போவதை உணர்ந்து, கர்ப்பிணியான ராணி விசயைக்காக ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். அதை இயக்கவும் அவளுக்குக் கற்றுத்தருகிறான். அரண்மனை பகைவர் கையில் விழும் நாளில் அவள் வயிற்றுப் பிள்ளையோடு பறந்து தப்புகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். ஒரு கதையில் பறந்ததால் பிள்ளை செத்தது. இன்னொரு கதையில் பறந்ததால் பிள்ளை பிழைத்தது. நான் பன்னிரண்டு வயதில் படித்தது முதல் கதையை.

கதைகள் இருக்கட்டும், நடந்தது என்ன? ஊர் திரும்பிய பிறகு இரண்டு மாதம் இதையே தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று தெளிவாயிற்று. பறத்தலின் வரலாறு தனி ஆட்களின் வரலாறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு பெற்றோரும் ஒரு பிள்ளையும் நிற்கிறார்கள்.

முதல் பிள்ளைக்குப் பெயர் இல்லை. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிராம்ப்டன் என்ற ஊரில் ஒரு பிரபு இருந்தார். பெயர் ஜார்ஜ் கேலி. நம் காதுக்கு வேடிக்கையான பெயர், ஆனால் ஆள் சாதாரணமானவர் அல்ல. பறவையைப் போல் இறக்கையை அடித்துப் பறக்கும் யோசனையை விட்டுவிட்டு, இறக்கையை அசையாமல் வைத்துக் காற்று தூக்கும்படி செய்யலாம் என்று 1799-லேயே ஒரு வெள்ளித் தகட்டில் படம் செதுக்கி வைத்தவர். ஐம்பது வருடம் கழித்து, 1849-இல், அவர் செய்த கிளைடர் சுமார் பத்து வயதுப் பையன் ஒருவனைத் தரையிலிருந்து சில கஜ தூரம் தூக்கிச் சென்றது. காற்றைவிடக் கனமான ஒரு பொறியில் மிதந்த முதல் மனிதர்களில் அவனும் ஒருவன். கேலியின் குறிப்பில் 'ஒரு பையன்' என்றுதான் இருக்கிறது. அவன் பெயர் என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் இல்லை. கோப்பு பார்த்துப் பழகிய எனக்கு அந்த வெற்றிடம் உறுத்துகிறது. அந்தப் பையனின் அம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

1853-இல் கேலியின் வண்டிக்காரர் இன்னொரு கிளைடரில் ஒரு பள்ளத்தாக்கைக் கடந்தார். இறங்கியதும், வண்டி ஓட்டத்தான் வந்தேன், பறக்க வரவில்லை என்று வேலையை விட்டுவிட்டதாகக் கதை. கேலியின் பேத்தி சிறு வயதில் அதைப் பார்த்து, முதுமையில் நினைவுகூர்ந்து சொன்னதால்தான் அந்தச் செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது.

உண்மையான ஹேங் கிளைடிங், அதாவது மனிதன் இறக்கையில் தொங்கி உடம்பைச் சாய்த்து அதைச் செலுத்துவது, ஜெர்மனியில் ஓட்டோ லிலியன்தால் என்பவரிடம் தொடங்குகிறது. 1848-இல் ஆங்க்லாம் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துபோக, விதவைத் தாய் பிள்ளைகளை வளர்த்தார். ஓட்டோவும் தம்பி குஸ்தாவும் பள்ளிக்கூட வயதிலேயே மெல்லிய பலகைகளால் இறக்கை செய்து, கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிப் பார்த்தார்கள். அதுவும் இரவில். பகலில் ஓடினால் கூடப் படிக்கும் பையன்கள் சிரிப்பார்களே!

வளர்ந்து பொறியாளராகி, சொந்தத் தொழிற்சாலை வைத்து, 1889-இல் பறவைகளின் பறப்பு பற்றி ஒரு நூலும் எழுதினார். 1891 முதல் வில்லோ மரக்குச்சியும் பருத்தித் துணியும் கொண்டு செய்த இறக்கைகளில் தொங்கிக் குன்றுகளிலிருந்து இறங்கினார். 1894-இல் பெர்லினுக்கு அருகே தானே 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கைக் குன்றைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். ஐந்தாறு வருடங்களில் 2,000 தடவைக்கு மேல் பறந்தார். சில தடவை 250 மீட்டர் தூரம் வரை போனார். அவர் பறக்கும்போது எடுத்த புகைப்படங்கள் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்தன. மனிதன் பறக்க முடியும் என்று பலரும் நம்பியது அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

1896 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ஸ்டோல்ன் என்ற கிராமத்துக்கு அருகே ஒரு குன்றில் பறந்துகொண்டிருந்தபோது காற்று இறக்கையின் மூக்கைத் தூக்கிவிட்டது. வேகம் செத்துப்போய், சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. மறுநாள் பெர்லினில் இறந்தார். வயது 48. மனைவி ஆக்னஸும் நான்கு பிள்ளைகளும் நின்றார்கள்.

எங்கள் பாடப்புத்தகக் கதையில் விழுந்தவன் பிள்ளை. நிஜத்தில் விழுந்தவர் அப்பா. எந்தப் பிள்ளையும் அவருக்குச் சம்மதப் படிவம் எழுதித் தரவில்லை.

ஒரு சிறு செய்தி. 1989 அக்டோபரில், கிழக்கு ஜெர்மனி விமான நிறுவனத்தின் பெரிய ஜெட் விமானம் ஒன்று லிலியன்தாலின் நினைவாக அதே ஸ்டோல்ன் கிராமத்தின் புல்தரையில் இறக்கப்பட்டது. இன்றும் அங்கேயே நிற்கிறது. அதற்கு வைத்த பெயர் லிலியன்தாலுடையது அல்ல, 'லேடி ஆக்னஸ்'. அவர் மனைவியின் பெயர். அந்த விமானத்துக்குள் இப்போது பதிவுத் திருமணங்கள் நடக்கின்றன. பதிவேடுகளோடு வாழ்ந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

லிலியன்தால் இறந்த செய்தி அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்களை எட்டியது. தம்பி ஆர்வில் அப்போது டைபாய்டில் படுத்திருந்தார். அண்ணன் வில்பர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். ரைட் சகோதரர்கள் என்றதும் நமக்கு அந்த இருவர்தான் நினைவுக்கு வருவார்கள். நான் மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர்களுடைய அப்பா மில்டன் ரைட், ஒரு கிறிஸ்தவ சபையின் பிஷப். வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவர். 1878-இல் ஒரு பயணத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை கொண்டுவந்தார். மூங்கில், தக்கை, காகிதம் இவற்றால் செய்தது. ரப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் கூரை வரை பறக்கும். அல்போன்ஸ் பேனோ என்ற பிரெஞ்சு இளைஞரின் கண்டுபிடிப்பு அது. பாவம், அவருக்கு உடம்பும் ஒத்துழைக்கவில்லை, உதவவும் ஆள் கிடைக்கவில்லை. முப்பது வயதில் தற்கொலை செய்துகொண்டார். பள்ளியில் எங்களுக்கு 1890-இல் பறந்த கிளெமான் அதேரைப் பற்றி மார்தட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். பேனோவின் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. பறக்கும் ஆசை தங்களுக்கு அந்தப் பொம்மையிலிருந்துதான் வந்தது என்று ரைட் சகோதரர்கள் பின்னாளில் சொன்னார்கள். அதாவது அந்த அப்பாதான் இறக்கையை மாட்டிவிட்டவர்.

அதே அப்பாவுக்குத்தான் பயமும் வந்தது. 1900-இல் வில்பர் முதல் கிளைடரோடு கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போனபோது, ஆபத்தான காரியத்தில் இறங்க மாட்டேன் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதி உறுதி சொன்னார். அப்போது அவருக்கு வயது 33. அந்தக் கிளைடரை அவர்கள் பெரும்பாலும் காற்றாடியைப் போல் கயிற்றில் கட்டித்தான் பறக்கவிட்டார்கள். அந்த ஊர்ச் சிறுவன் டாம் டேட் எடை குறைந்தவன் என்பதால் அவனையும் ஏற்றிப் பார்த்தார்கள். கேலியின் பையனைப் போல் இல்லாமல் இவன் பெயராவது பதிவாகியிருக்கிறது. பரிசோதனை முடிந்து கிளைடரை அங்கேயே விட்டுவிட்டுப் போனபோது, டேட் குடும்பத்து அம்மா அதன் இறக்கைத் துணியைப் பிரித்துத் தன் இரண்டு பெண்களுக்கும் கவுன் தைத்துவிட்டார். நல்ல சாட்டின் துணி, வீணாக்குவார்களா? நம் வீட்டுப் பெண்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

1903 டிசம்பர் 17 அன்று என்ஜின் பொருத்திய விமானம் பறந்தது. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் இருந்த ஓர் ஒப்பந்தம். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஏறக் கூடாது. ஒரே விபத்தில் இரண்டு பிள்ளைகளையும் இழக்க மில்டன் தயாராக இல்லை. அதை அவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் கேட்டார். நாற்பதைத் தொட்ட பிள்ளைகளும் அதை மதித்தார்கள்.

1910 மே 25. டேட்டனுக்கு வெளியே ஹஃப்மன் மேய்ச்சல்வெளி. அப்பாவின் அனுமதியோடு அன்று ஒரே ஒரு முறை சகோதரர்கள் இருவரும் சேர்ந்து பறந்தார்கள். இறங்கியதும் ஆர்வில் அப்பாவை ஏற்றிக்கொண்டார். மில்டனுக்கு அப்போது 81 வயது. அதற்கு முன் பறந்ததே இல்லை. ஏழு நிமிடம் போல, 350 அடி உயரம் வரை போனார்கள். கிழவருக்கு மயக்கம் வந்துவிடுமோ என்று மகனுக்குக் கவலை. அவரோ மகன் காதருகே குனிந்து, இன்னும் உயரே போ, ஆர்வில், இன்னும் உயரே என்றாராம்.

இரண்டே வருடத்தில், 1912 மே மாதம், வில்பர் இறந்துபோனார். விமானத்திலிருந்து விழுந்து அல்ல, டைபாய்டு காய்ச்சலில். வயது 45. அப்பா இத்தனை காலம் வானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். எமன் வேறு வழியில் வந்துவிட்டான். இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

என்ஜின் வந்த பிறகு தொங்கிப் பறப்பதை உலகம் மறந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவந்ததும் ஒரு குடும்பம்தான். அமெரிக்காவில் பிரான்சிஸ் ரொகாலோ என்ற விமானப் பொறியாளர், மனைவி கெர்ட்ரூடுடன் சேர்ந்து, 1948-இல் வீட்டிலேயே மின்விசிறி வைத்துக் காற்றுக்கூண்டு அமைத்து, சமையலறைத் திரைச்சீலையை வெட்டி, சட்டமே இல்லாத ஒரு காற்றாடி செய்தார். அது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. பிறகு விண்கலத்தைப் பூமியில் இறக்க உதவுமா என்று நாசா சோதித்தது. அந்த வடிவத்தை ஒரு படத்தில் பார்த்த ஆஸ்திரேலியர் ஜான் டிக்கன்சன், 1963-இல் கிராஃப்டன் என்ற ஊரில், வாழைத்தாரை மூடிவைக்கும் பிளாஸ்டிக்கைக் கொண்டு ஓர் இறக்கை செய்தார். நடுவில் முக்கோணக் கம்பி வைத்து, ஆள் தொங்கிச் சாய்ந்து செலுத்தும்படி அமைத்தார். அன்று நான் ஃபோர்க்லாவில் பார்த்த இறக்கைகள் அதன் வாரிசுகள். டிக்கன்சனிடமிருந்து கற்று அதைப் பெருக்கியவர் பில் மோயஸ். அவர் மகன் ஸ்டீவ் மோயஸ் 1983-இல் உலக சாம்பியன் ஆனார். இந்த வரலாற்றில் அப்பா, பிள்ளை இருவரும் விழாமல் பறந்த ஒரு கணக்கும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மீண்டும் கணவாய்க்கு வருகிறேன். பதினொரு மணிக்குக் காற்று சீரானது. பேரன் முதலில். ஹெல்மெட், ஹார்னஸ் எல்லாம் மாட்டி, பைலட்டின் பக்கத்தில் நின்றான். தொங்கிப் பார்க்கச் சொல்லிக் கொக்கியை இரண்டு தடவை சரிபார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்து, "தாத்தா, போட்டோ எடுங்க" என்றான். நான் போனை எடுத்தேன், கை நடுங்கியதில் என் செருப்பைத்தான் படமெடுத்திருக்கிறேன். இருவரும் ஓடினார்கள். ஆறேழு எட்டு. கால் தரையை விட்டது. ஒரு கணம் சரிவுக்குக் கீழே மறைந்து, பிறகு வெளியே, ஏரிக்கு மேலே, மஞ்சள் இறக்கையாக வெளிப்பட்டார்கள். பயங்கரமான சத்தம் எதையோ எதிர்பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

என் மகளைப் பார்த்தேன். கண்கொட்டாமல் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை, கழுத்துச் சங்கிலியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. பயந்துகொண்டுதான் இருந்தாள். என்னைவிடக் குறைவாக அல்ல. பயமில்லாதவள் என்பதால் கையெழுத்துப் போட்டாள் என்று நான் நினைத்தது தப்பு.

அடுத்தது அவள் முறை. "வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் அந்த மலையில் தனியாக நின்றேன்.

பைலட்டுகளை ஏற்றிக்கொண்டு கீழே போகும் வேனில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். தூசார் என்ற கிராமத்து வயலில் இறங்குதளம். நான் போய்ச் சேர்ந்தபோது தாயும் மகனும் புல்லில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மருமகனும் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்து, "உங்க மூஞ்சிதான் பறந்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

அன்று மாலை ஏரிக்கரையில் நடக்கும்போது மகளிடம் 1991-ஐப் பற்றி நானே பேச்செடுத்தேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: "போகக் கூடாதுன்னு சொன்னது பெரிசு இல்லப்பா. எனக்கு உடம்பு சரியில்லன்னு எழுதினீங்களே, அதுதான். ஸ்கூல்ல டீச்சரெல்லாம் என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? எனக்குப் பயமா இருக்கு, போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வேண்டாம்னு இருந்திருப்பேன்."

முப்பத்திரண்டு வருடம் அவள் அதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். நான் ஒரு மலையேற்றத்தைத் தடுத்ததாக மட்டுமே கணக்கு வைத்திருந்தேன். பொய் எழுதிய கணக்கு அவளிடம் இருந்தது. மில்டன் ரைட் தன் பயத்தைப் பிள்ளைகளிடம் பயமாகவே சொன்னார். அதனால்தான் ஒருநாள் அதை அவரால் கைவிடவும் முடிந்தது. என் பயத்துக்கு நான் டாக்டர் சர்டிபிகேட் மாதிரி ஒரு காரணத்தை ஒட்டிவிட்டேன். ஒட்டியதைப் பிரித்துப் பார்க்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

"தப்புதாம்மா" என்றேன். "சரிப்பா" என்றாள். பேரன் முன்னால் ஓடி வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தான்.

கணவாயில் இறங்க வேனுக்காக நின்றபோது வயதான பைலட் ஒருவர் என்னிடம், "மிசியே, நீங்கள்?" என்று கேட்டிருந்தார். முட்டி வலி என்றேன். முட்டி வலி உண்மைதான், ஆனால் அது காரணமில்லை. அடுத்த நிமிடமே, "முட்டி இல்லை மிசியே, பயம்" என்று திருத்திச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எழுதாத படிவம் ஒன்றை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த நவம்பரில் எனக்கு 73 முடிந்தது. மில்டன் ரைட் ஏறியபோது அவருக்கு 81.